நன்னீர் காத்த மரக்கலங்கள்

1894 செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த நேரம். வட அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் ‘சார்ல்ஸ் ஜே. கெர்ஷா’ என்ற நீராவிக் கப்பல், ‘அயர்ன்டன்’, ‘மூன்லைட்’ என்னும் இரண்டு பாய்மரக் கலங்களைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. வழியில் கெர்ஷாவின் இயந்திரம் நின்றுவிட்டது. பலத்த காற்று, பின்னால் வந்த கலங்கள் முன்னால் நின்ற கப்பலின்மேல் ஏறிவிடும் நிலை. மூன்லைட்டின் மாலுமிகள் இழுவைக் கயிற்றை வெட்டிவிட்டார்கள். இருளில் கட்டற்றுப்போன அயர்ன்டன், எதிரே சரக்கோடு வந்துகொண்டிருந்த ‘ஒஹாயோ’ என்ற கப்பல்மீது மோதியது. ஒஹாயோ விரைவில் மூழ்கியது. ஆனால் அதிலிருந்த 16 பேரும் பிழைத்தார்கள். அயர்ன்டன் கொஞ்ச நேரம் மிதந்தபடியே காற்றில் ஒதுங்கி, மற்றவர்கள் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்குப் போய் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏழு பேரும் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். படகைக் கப்பலோடு பிணைத்திருந்த கயிற்றை மட்டும் யாரும் அவிழ்க்கவில்லை. கப்பல் போன வழியே படகும் போனது. கேப்டன் உட்பட ஐவர் இறந்தார்கள். இருவர் மிதந்த பொருள்களைப் பற்றிக்கொண்டு தப்பினார்கள்.

கயிறு அவிழ்க்கப்படாத செய்தி, பிழைத்தவர்கள் சொல்லி நாளிதழில் வந்தது. அதை உறுதிசெய்ய வேறு சாட்சி இருக்கவில்லை. 2019இல் ஆய்வாளர்கள் சோனார் கருவியால் ஏரிப்படுகையைத் துழாவியபோது அயர்ன்டன் அகப்பட்டது. மூன்று பாய்மரங்களும் நிமிர்ந்தபடி, சற்றும் சாயாமல் தரையில் அமர்ந்திருந்தது. பிறகு நீருக்கடியில் கேமரா அனுப்பிப் பார்த்தார்கள். கப்பலின் பின்புறத்தில் அந்த உயிர்காப்புப் படகு, கட்டிய கயிறு கட்டியபடியே கிடந்தது. 125 ஆண்டுகளுக்கு முன்பு குளிரில் நடுங்கிக்கொண்டு இரண்டு மாலுமிகள் சொன்ன வாக்குமூலத்தை ஏரி வரிக்கு வரி காப்பாற்றி வைத்திருந்தது.

கடலில் இது பெரும்பாலும் நடக்காது. மரக்கப்பல் கடலடியில் விழுந்தால் முதலில் அதைத் தேடி வருவது கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். மரத்தைத் துளைத்து உள்ளேயே குடியிருந்து, சில பத்தாண்டுகளில் முழுக் கப்பலையும் சல்லடையாக்கிவிடும். மணலிலோ சேற்றிலோ புதைந்த பகுதி மட்டுமே மிஞ்சும். கப்பல் புழுவுக்கு உப்பு வேண்டும். நன்னீரில் அது வாழாது. வட அமெரிக்கப் பேரேரிகளில் ஆழத்தில் கோடையிலும் தண்ணீர் நான்கு டிகிரியை ஒட்டியே இருக்கும், வெளிச்சமும் எட்டாது. மரத்தை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே மிக மெதுவாகவே வேலை செய்கின்றன. உப்பில்லாத தண்ணீரில் இரும்பும் மெல்லவே துருப்பிடிக்கிறது. இந்தக் காரணங்கள் ஒன்றுசேர்ந்ததால்தான் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ ஆகிய ஐந்து ஏரிகளின் அடியில், 19ஆம் நூற்றாண்டின் மரக்கப்பல்கள் அரிதான முழுமையோடு நிற்கின்றன. இந்த ஏரிகளில் மூழ்கிய கப்பல்கள் சுமார் 6,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஏரியில் இத்தனை கப்பல்களா என்று நம்மூர் வாசகர் கேட்கலாம். நம் ஏரிகளின் அளவை மனத்தில் வைத்து இவற்றை எண்ணக்கூடாது. சுப்பீரியர் ஏரியின் பரப்பு மட்டும் 82,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். அதன் ஆழம் சில இடங்களில் 400 மீட்டரைத் தாண்டும். 1825இல் ஈரி கால்வாய் திறந்து நியூயார்க் துறைமுகத்துக்கு வழி பிறந்தது. 1829இல் வெல்லண்ட் கால்வாய், நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்தது. 1855இல் சூ மதகுகள் சுப்பீரியரையும் இணைத்தன. மேற்கேயிருந்து கோதுமை, மரம், செம்பு, இரும்புத் தாது. கிழக்கேயிருந்து நிலக்கரி, கருவிகள், குடியேற வந்த குடும்பங்கள். சிகாகோ என்ற நகரம் எழுந்ததே இந்தத் தண்ணீர்ப் பாதையால்தான். ஏரி அலை கடலலையைப் போல நீண்டு உருளாது. குறுகிய இடைவெளியில் செங்குத்தாக எழும். புயலில் ஒதுங்கிப் போகக் கடலில் இடமுண்டு. ஏரியில் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் கரைப்பாறை காத்திருக்கும். நவம்பர் மாதம் மிகக் கொடியது. உறைபனி வருமுன் கடைசி நடை ஒன்று போய்வந்துவிட வேண்டும் என்ற அவசரமும், வடக்கே இருந்து இறங்கும் குளிர்காற்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும். 1913 நவம்பரில் நான்கு நாள் அடித்த புயலில் மட்டும் 12 கப்பல்கள் மூழ்கின. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்த ஏரிகளில் மூழ்கியவற்றில் என்னை மிகவும் பாதித்தவை ஒன்டாரியோ ஏரியில் கிடக்கும் ‘ஹாமில்டன்’, ‘ஸ்கர்ஜ்’ என்ற இரண்டு கலங்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1812இல் போர் தொடங்கியபோது இந்த ஏரிகளில் போர்க்கப்பல்கள் போதவில்லை. ஆகவே வணிகக் கலங்களைப் பிடித்தும் வாங்கியும் பீரங்கி ஏற்றினார்கள். ஸ்கர்ஜ் முன்பு ‘லார்ட் நெல்சன்’ என்ற பெயரில் சரக்கு ஏற்றிய கனடாக் கலம். ஹாமில்டனின் பழைய பெயர் ‘டயானா’. பீரங்கியைத் தாங்குவதற்காகக் கட்டப்படாத கலத்தின் மேல்தளத்தில் பல டன் இரும்பை ஏற்றினால் என்ன ஆகும் என்பது மாலுமிகளுக்குத் தெரிந்தே இருந்தது. 1813 ஆகஸ்ட் 8 பின்னிரவில் காற்று அசைவற்று நின்றது. விடிந்தால் சண்டை என்பதால் வீரர்கள் பீரங்கிகளின் அருகிலேயே தூங்கினார்கள். திடீரென அடித்த ஒரு சுழல்காற்றில் இரண்டு கலங்களும் கவிழ்ந்தன. 50க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு குண்டும் சுடப்படவில்லை.

பிழைத்தவர்களில் ஒருவர் நெட் மையர்ஸ் என்ற மாலுமி. சிறு வயதில் அவரோடு ஒரே கப்பலில் வேலை செய்தவர் பின்னாளில் அமெரிக்காவின் பெயர்பெற்ற நாவலாசிரியர் ஆனார்: ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர். முப்பது ஆண்டுகள் கழித்து மையர்ஸ் சொல்லச் சொல்லக் கூப்பர் எழுதிய நூல் 1843இல் வெளிவந்தது. சாதாரண மாலுமி ஒருவரின் வாழ்க்கை அச்சில் ஏறுவது அக்காலத்தில் அபூர்வம். கவிழ்ந்த இரவைப் பற்றிய அந்தப் பகுதி, 1973இல் டேனியல் நெல்சன் என்ற பல் மருத்துவர் சோனார் துணையோடு கலங்களைக் கண்டுபிடித்த பிறகு, ஆய்வாளர்களுக்குக் கைவிளக்காயிற்று. 90 மீட்டர் ஆழத்தில் இரண்டும் நேராக நின்றன. பீரங்கிகள் அவற்றுக்குரிய இடத்தில்; எதிரிக் கப்பலில் ஏறும்போது பயன்படுத்தும் வாள்களும் கோடரிகளும் செருகி வைத்தபடியே; ஹாமில்டனின் முகப்பில் டயானா தேவியின் மரச்சிற்பம், செதுக்கியவர் கைவேலை தெரியும்படி. அருகே ஏரித்தரையில் மனித எலும்புகளும் இருந்தன. 1980இல் இவ்விரு கலங்களும் கனடாவின் ஹாமில்டன் நகரத்துக்குச் சொந்தமாக்கப்பட்டன. நகரம் மேலே தூக்க ஆசைப்பட்டது. ஆராய்ந்து பார்த்து, தொடாமல் விட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதன் அருமை புரிய வேண்டுமானால், தூக்கப்பட்ட கப்பல்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

ரோமுக்குத் தெற்கே நேமி என்றொரு சிறிய ஏரி. பேரரசன் கலிகுலா கி.பி. முதல் நூற்றாண்டில் அதில் 70 மீட்டருக்கும் நீளமான இரண்டு கப்பல்களைக் கட்டுவித்தான். அவை மூழ்கிக் கிடக்கும் செய்தி ஊராருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். முத்துக்குளிப்பவரைப் போல மூச்சடக்கி இறங்கியவர்கள் துண்டு துண்டாகப் பெயர்த்தும் வந்தார்கள். 1920களின் இறுதியில் இத்தாலிய அரசு, ரோமானியர் வெட்டி வைத்திருந்த பழைய வடிகால் சுரங்கத்தையே பயன்படுத்தி ஏரியின் நீர்மட்டத்தை இறக்கியது. 1929இல் தொடங்கி இரண்டு கப்பல்களும் வெளியே வந்தன. ஈயத்தகடு போர்த்திய அடிப்பகுதி, குறுக்குத்தண்டைக் கழற்றி மாட்டும் இரும்பு நங்கூரம், சுழல்மேடையின் அடியில் உருளும் உலோகக் குண்டுகள் எனப் பழங்காலத் தொழில்நுட்பம் பற்றிய பல முடிவுகளை மாற்றி எழுதவைத்தன. அவற்றுக்கென்றே ஏரிக்கரையில் அருங்காட்சியகம் எழும்பியது. 1944 மே 31 இரவு, போரின் நடுவே, அருங்காட்சியகம் தீப்பற்றி இரண்டும் சாம்பலாயின. ஏரி 1,900 ஆண்டுகள் வைத்திருந்ததை நாம் பதினைந்து ஆண்டுகள்கூட முழுதாக வைத்திருக்கவில்லை. பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் குயிதோ உசெல்லி அளவெடுத்து, வரைந்து, விரிவாக வெளியிட்டிருந்த பதிவுகள்தான் மிஞ்சின. நேமிக் கப்பல்களைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அவற்றிலிருந்து வந்தது.

போர் வந்து எரிக்காமலே ஒரு கப்பல் செத்துப்போன கதை இதைவிட வேதனையானது. ‘ஆல்வின் கிளார்க்’ என்ற பாய்மரக் கலம் 1864 ஜூனில், மிச்சிகன் ஏரியின் கிளையான கிரீன் பே விரிகுடாவில் மூழ்கியது. சரக்கறையைச் சுத்தம் செய்வதற்காக மூடிகளைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் புயல்காற்று அடித்தது. 1967இல் மீனவர் வலை ஒன்று அடியில் சிக்கிக்கொள்ள, அதை விடுவிக்க இறங்கிய ஃபிராங்க் ஹாஃப்மன் என்ற முக்குளிப்பவர், நூறடிக்கும் கீழே முழுக்கப்பலைக் கண்டார். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் உழைத்து, 1969இல் மேலே கொண்டுவந்தார். உள்ளேயிருந்த தண்ணீரை இறைத்ததும் கப்பல் தானாக மிதந்தது. 105 ஆண்டு நீருக்கடியில் கிடந்த மரக்கலம் மிதந்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டது, நாளிதழ்கள் கொண்டாடின.

அதன் பிறகு பணம் வரவில்லை. நீரில் ஊறிய மரத்தின் இயல்பைப் புரிந்துகொண்டால் பணம் ஏன் தேவை என்பது விளங்கும். பாக்டீரியா மரத்தின் உயிரணுச் சுவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அரித்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும். பார்வைக்குத் திடமாகத் தெரியும் மரத்தை உண்மையில் தாங்கி நிற்பது அந்தத் தண்ணீர்தான். காற்றில் உலரும்போது தண்ணீர் வெளியேறும். வெளியேறும்போதே நலிந்த சுவர்களை உள்ளிழுத்து நொறுக்கிவிட்டுப் போகும். மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். இதைத் தடுக்க, தண்ணீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுத்தன்மை கொண்ட வேதிப்பொருளை மெதுவாக ஏற்ற வேண்டும். 1961இல் வெளியெடுத்த ஸ்வீடனின் ‘வாசா’ கப்பலுக்கு இந்தக் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். ஓர் அரசே பின்னால் நின்றதால் வாசா பிழைத்தது. ஆல்வின் கிளார்க்குக்குப் பின்னால் ஓர் எளிய மனிதரும் அவருடைய கடனும் மட்டுமே இருந்தன. மிச்சிகன் மாநிலத்தின் மெனாமினி நகரில் திறந்த வெளியில், வெயிலிலும் பனியிலும் 25 ஆண்டுகள் நின்று உளுத்துப்போய், 1994இல் இடித்து அகற்றப்பட்டது. ஹாஃப்மனைப் பழிக்க எனக்கு மனமில்லை. அவர் அந்தக் கப்பலை நேசித்தார். தூக்குவது திறமையின் வேலை, காப்பது பல தலைமுறைச் செலவு என்ற வேறுபாட்டை அன்று அவருக்கு எடுத்துச்சொல்லப் போதுமானவர்கள் இருக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின்போது, சாம்ப்லேன் ஏரியில் 1776 அக்டோபரில் நடந்த வால்கர் தீவுச் சண்டையில் மூழ்கிய ‘பிலடெல்பியா’ என்ற பீரங்கிப் படகு 1935இல் வெளியெடுக்கப்பட்டது. தன்னை மூழ்கடித்த குண்டோடு அது இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே அணியைச் சேர்ந்த ‘ஸ்பிட்ஃபயர்’ 1997இல் ஏரியின் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டபோது, தூக்குவதற்கு யாரும் அவசரப்படவில்லை. இடைப்பட்ட 62 ஆண்டுகளில் இந்தத் துறை கற்றுக்கொண்ட பாடம் அது. சட்டமும் அந்தத் திசையில் வந்தது. கைவிடப்பட்ட கப்பல்களை மாநில அரசுகளின் பொறுப்பில் வைக்கும் அமெரிக்கச் சட்டம் 1988இல் நடைமுறைக்கு வந்தது. 2000இல் ஹியூரான் ஏரியின் தண்டர் பே பகுதி தேசியக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2014இல் பல மடங்கு விரிவாக்கப்பட்டது. அயர்ன்டன் அகப்பட்டது இதற்குள்தான். 2021இல் விஸ்கான்சின் கரையும், 2024இல் ஒன்டாரியோ ஏரியின் தென்கிழக்குப் பகுதியும் அடுத்தடுத்து இத்தகைய காப்பிடங்களாயின.

பொருளாக மட்டும் இவற்றைப் பார்க்க முடியாது. பல கப்பல்கள் கல்லறைகள். சுப்பீரியர் ஏரியின் குளிரில் உடல்கள் அழுகி மிதந்து மேலே வருவதில்லை. 1927 டிசம்பரில் ஐல் ராயல் தீவருகே எல்லோரோடும் மறைந்த ‘கம்லூப்ஸ்’ கப்பலை 1977இல் கண்டபோது, இயந்திர அறையில் ஒரு மாலுமியின் உடல் அப்படியே இருந்தது. 1975 நவம்பர் 10 அன்று சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு மூழ்கிய ‘எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்’, 29 பேரில் ஒருவரையும் திருப்பித் தரவில்லை. 729 அடி நீளமுள்ள அந்தக் கப்பல் உடைந்து 530 அடி ஆழத்தில் கிடக்கிறது. 1994இல் ஒரு குழு அங்கே கிடந்த உடலைப் படம்பிடித்து வந்தபோது குடும்பங்கள் துடித்துப்போயின. மறு ஆண்டு, அவர்கள் வேண்டுகோளின்படி கப்பலின் மணி மட்டும் மேலே எடுக்கப்பட்டு, 29 பெயர்களும் பொறித்த வேறொரு மணி அந்த இடத்தில் வைக்கப்பட்டது. பின்னர் ஒன்டாரியோ மாகாணம், உரிமம் இல்லாமல் ஃபிட்ஜெரால்ட், ஹாமில்டன், ஸ்கர்ஜ் ஆகியவற்றை யாரும் நெருங்கக்கூடாது என்று தடை விதித்தது. நியாயமான தடை.

இப்படி, தொடாமல் விடுவதே சிறந்த பாதுகாப்பு என்று அறிஞரும் அரசும் ஒரு முடிவுக்கு வந்த காலத்திலேயே அந்த முடிவின் அடித்தளம் ஆட்டம்கண்டுவிட்டது. காரணம் விரல்நுனி அளவே உள்ள ஒரு மட்டி.

கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த ஜீப்ரா மட்டியும் குவாக்கா மட்டியும் 1980களின் இறுதியில் பேரேரிகளில் காணப்பட்டன. வெற்றாகப் பயணம் செய்யும் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடியில் நிரப்பும் தண்ணீரில் குஞ்சுகளாக வந்து, இங்கே திறந்துவிடப்பட்டவை. ஜீப்ரா மட்டி ஆழம் குறைந்த பகுதியோடு நிற்கும். குவாக்கா மட்டிக்கு நூறு மீட்டர் ஆழமும் குளிரும் தடையில்லை. ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் வரை முட்டையிடும். கடினமான எதன்மேலும் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்றாகவும் ஒட்டும். அடுக்கடுக்காக ஏறும் பாரத்தில் தளங்கள் சரிகின்றன. ஒட்டிய இடத்தில் இரும்பு ஆணிகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. ஆணி போனால் பலகை கழலும். சுரண்டி எடுக்கப் பார்த்தால் மரத்தின் மேற்பரப்பும் கூடவே பெயர்ந்து வருகிறது. இதே மட்டிகள் நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பதால் ஏரித்தண்ணீர் முன்னெப்போதையும்விடத் தெளிந்துவிட்டது. முன்பு கண்ணுக்குப் படாத கப்பல்கள் இப்போது எளிதாகப் படுகின்றன. பார்க்கக் கிடைத்த வேளையிலேயே கைநழுவவும் தொடங்கிவிட்டன. சுண்ணாம்புச்சத்து குறைந்த சுப்பீரியர் மட்டும் பெரும்பாலும் தப்பி நிற்கிறது. மற்ற நான்கு ஏரிகளிலும், சிற்பத்தின் முகமும் கலத்தின் பெயரெழுத்தும் மட்டிப்போர்வைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

கடந்த சில ஆண்டுகளாக நடக்கும் தேடல்களை இந்த அவசரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1881இல் விஸ்கான்சின் கரையோரம் மூழ்கிய ‘டிரினிடாட்’ என்ற கலத்தை 2023இல் பிரெண்டன் பைலோட், ராபர்ட் ஜேக் என்ற இரு ஆய்வார்வலர்கள் கண்டார்கள். மாலுமிகளின் தட்டுகளும் உடைமைகளும் அறைக்குள்ளேயே இருந்தன. உடனே மாநில வரலாற்றுச் சங்கத்தின் தொல்லியலாளர்களோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான ஒளிப்படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி உருவாக்கினார்கள். என் பார்வையில், இன்று செய்யத்தக்க உருப்படியான வேலை இதுதான். நேமிக் கப்பல்கள் எரிந்தபின் உசெல்லியின் வரைபடங்கள் நின்றன அல்லவா, அதே வேலை. இந்த ஏரிக் கலங்களில் பெரும்பாலானவை வரைபடம் இல்லாமல், தச்சரின் கண்ணளவையும் கையனுபவத்தையும் நம்பிக் கட்டப்பட்டவை. எந்த வளைவுக்கு எந்த மரம், எந்த மூட்டுக்கு என்ன வெட்டு என்ற அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அந்தப் பலகைகளில் மட்டுமே இருக்கிறது. மட்டியை ஏரியிலிருந்து அகற்ற வழி இல்லை. புதிய உயிர்கள் வருவதைத் தடுக்கலாம்: கடலிலிருந்து வரும் கப்பல்கள் தம் தொட்டிகளை உப்புநீரால் கழுவிவிட்டே ஏரிகளுக்குள் நுழைய வேண்டும் என்று கனடா 2006இலும் அமெரிக்கா 2008இலும் கட்டாயமாக்கின, அதன் பிறகு புதிய ஊடுருவல்கள் வெகுவாகக் குறைந்தன. இருபது ஆண்டுகள் முன்பே செய்திருந்தால் ஹாமில்டனின் டயானா இன்றும் தெளிவாகத் தெரிவாள்.

நம் பக்கத்துக் கடல்களில் நிலைமை வேறு. இலங்கையின் கோடவாயவில் 30 மீட்டருக்கும் கீழே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கப்பலின் சரக்கு கிடைத்தது: கண்ணாடிக் கட்டிகள், அம்மிக்கற்கள், சாடிகள். கப்பலின் மரத்தில் அற்பமே மிஞ்சியது. வெதுவெதுப்பான உப்புநீர் விட்டு வைப்பதில்லை. ஆனால் உள்நாட்டுச் சேறு விட்டு வைக்கும். கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே தைக்கல் என்ற ஊரில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஈரமண்ணுக்குள் புதைந்திருந்த பல நூற்றாண்டு பழைய படகு ஒன்று 2000களின் தொடக்கத்தில் முழுமையாக அகழப்பட்டது. ஏறத்தாழ 18 மீட்டர் நீளம், அயினி மரம். காயலும் கழிமுகமும் கால்வாயும் ஏரியும் நிறைந்த நம் கரையில் இதுபோல் இன்னும் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ பழைய படகுப் பலகை தட்டுப்பட்டால், அதை வெயிலில் போடாதீர்கள். வந்த மண்ணாலேயே மூடி, ஈரம் போகாமல் வைத்து, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.